தேங்காய் வெட்ட ஆள் தேடும் ஆப்: முழுதாகக் கட்டி முடித்து இறக்குவதா, கொஞ்சமாகச் செய்து பார்ப்பதா?

விளைக்காரன்_திருவட்டார்

எல்லோருக்கும் வணக்கம். நானும் என் அத்தை மகனும் சேர்ந்து ஒரு மொபைல் ஆப் செய்துகொண்டிருக்கிறோம். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் தேங்காய் வெட்ட ஆள் கிடைக்காத கதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பத்து மூடு தென்னை வைத்திருக்கிறவர்கூட "நாளைக்கு வாறேன், மறுநாள் வாறேன்" என்பதைக் கேட்டுக் கேட்டு, கடைசியில் காய் தானாக விழுந்த பிறகு பொறுக்கிக்கொள்கிற நிலைமை. மறுபக்கம், மரம் ஏறுகிறவர்களில் சிலருக்கு ஒரு வாரம் மூச்சு விட நேரமில்லாத வேலை, அடுத்த வாரம் சும்மா இருப்பு. இந்த இரண்டு பக்கத்தையும் போன் வழியாகச் சேர்த்துவிட்டால் என்ன என்பதுதான் எங்கள் எண்ணம்.

மச்சானுக்கு ஆப் எழுதுகிற ஃபிளட்டர் நன்றாகத் தெரியும், கோடிங் முழுக்க அவன் பொறுப்பு. ஊர் ஊராகப் போய்ப் பேசுவது, கணக்கு, பணம் எல்லாம் நான். அவன் போட்டிருக்கிற பட்டியல் இப்படி: ஓடிபி வைத்து லாகின், மேப்பில் ஆள் எங்கே வருகிறார் என்று நேரடியாகப் பார்ப்பது, நட்சத்திர மதிப்பீடு, ஆப்புக்குள்ளேயே பணம், அரட்டை, தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்று மொழி, மழை அறிவிப்பு, மரம் ஏறுகிறவருக்குத் தனி ஆப். இதெல்லாம் முடிய எட்டு மாதமாவது ஆகும் என்கிறான். முழுதாக இல்லாமல் இறக்கினால் ஆட்கள் ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டு அழித்துவிடுவார்கள், அப்புறம் நம்ம ஊரில் பேர் கெட்டால் திரும்ப எடுக்க முடியாது என்பது அவன் வாதம். அதிலும் நியாயம் இருக்கிறது.

வேறொரு நண்பர் லீன் ஸ்டார்ட்அப் முறையில் போங்கள், அதாவது கொஞ்சமாகச் செய்து பார்த்துத் திருத்திக்கொண்டே போங்கள், சின்னதாக ஒரு எம்விபி (சோதித்துப் பார்க்கிற முதல் வடிவம்) செய்து அளந்து பாருங்கள் என்கிறார். எனக்குக் கேள்வி இதுதான். இணையதளம் என்றால் காலையில் மாற்றி மாலையில் பார்க்கலாம், மொபைல் ஆப்பில் பிளே ஸ்டோர், அப்டேட் என்று இத்தனை தடை இருக்கும்போது அந்த முறை நடைமுறைக்கு ஒத்துவருமா? எம்விபி என்றால் அந்தப் பட்டியலில் எதை வைப்பது, எதை எடுப்பது? எதை அளப்பது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

---

டெக்னோபார்க்_பயணி

தம்பி, நல்ல கேள்வி. நான் நாகர்கோவில்தான், வேலை கழக்கூட்டத்தில், ஆப் தயாரிக்கிற ஒரு குழுவில் என்ன செய்வது, என்ன செய்யக்கூடாது என்று முடிவெடுக்கிற இடத்தில் இருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உன் பட்டியலில் எதை எடுப்பது என்று தொடங்காதே. "நான் உண்மை என்று நம்பிக்கொண்டிருக்கிற எது பொய்யாகிப்போனால் இந்தத் தொழிலே நிற்காது?" என்று முதலில் கேள். லீன் முறையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. எம்விபி என்பது சின்ன ஆப் என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க ஆகிற மிகக் குறைந்த வேலை எதுவோ அதுதான் எம்விபி, சில சமயம் அதில் ஆப்பே இருக்காது. 1999ல் நிக் ஸ்வின்மர்ன் ஜாப்போஸ் என்ற இணையச் செருப்புக் கடையைத் தொடங்கியபோது கிடங்கு, சரக்கு எதுவும் வைக்கவில்லை. பக்கத்துக் கடைகளில் செருப்பைப் படம் எடுத்து இணையத்தில் போட்டார், யாராவது வாங்கினால் அந்தக் கடைக்கே போய் விலை கொடுத்து வாங்கி அனுப்பினார். லாபமில்லை, ஆனால் இணையத்தில் பார்த்து மக்கள் செருப்பு வாங்குவார்களா என்ற ஒரே கேள்விக்கு அவருக்குப் பதில் கிடைத்தது. லீன் ஸ்டார்ட்அப் முறையை 2011ல் எழுதிப் பரப்பிய எரிக் ரீஸ்கூட அதைத் தன் அரட்டை மென்பொருள் நிறுவனமான ஐஎம்வியூவில் பட்ட அடியிலிருந்துதான் சொல்கிறார். மற்ற மெசஞ்சர்களோடு ஒட்டி வேலை செய்கிற மாதிரி மாதக்கணக்கில் எழுதிய கோடிங்கை, மக்களுக்கு அது வேண்டாம் என்று தெரிந்ததும் தூக்கி எறிய வேண்டியிருந்தது.

உன் விஷயத்துக்கு வருவோம். மச்சானால் ஆப் செய்ய முடியுமா? முடியும், அதில் சந்தேகம் இல்லை. தேங்காய் வெட்ட ஆள் வேண்டுமா? வேண்டும், அதிலும் சந்தேகம் இல்லை. அப்படியானால் சந்தேகம் எங்கே? என் கணக்குப்படி இரண்டாவது வெட்டில். முதல் தடவை உன் ஆப் வழியாக ஒருவர் வருகிறார், மரம் ஏறுகிறார், வேலை பிடித்திருக்கிறது. வீட்டுக்காரர் என்ன செய்வார்? "உங்க நம்பர் குடுங்க" என்பார். அடுத்த தடவை நேராகக் கூப்பிட்டுக்கொள்வார். உன் ஆப்பின் வேலை அன்றோடு முடிந்தது. வீட்டு வேலைக்கு ஆள் பிடித்துக்கொடுக்கிற எல்லா ஆப்புக்கும் இதே வியாதி உண்டு. ஆனால் எலெக்ட்ரீஷியனை எப்போதாவதுதான் கூப்பிடுவோம், தென்னைக்குக் கிட்டத்தட்ட 45 நாளைக்கு ஒருமுறை ஒரே ஆள் ஒரே மரத்தில் ஏறவேண்டும். அதனால் உனக்கு இந்த ஒழுகல் மற்றவர்களைவிட அதிகமாகவே இருக்கும்.

எதை அளப்பது என்பதும் இதிலிருந்தே வந்துவிடுகிறது. எத்தனை பேர் போனில் ஆப்பை இறக்கினார்கள், ஒரு நாளில் எத்தனை பேர் திறந்தார்கள் என்பதெல்லாம் பார்க்க நன்றாக இருக்கும், ஒன்றும் சொல்லாது. மற்ற ஆப்களில் முதல் நாள், ஏழாம் நாள், முப்பதாம் நாள் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று பார்ப்பார்கள். உன் ஆப்பை ஒருவர் முப்பதாம் நாள் திறக்கவில்லை என்றால் அவர் போய்விட்டார் என்று அர்த்தமில்லை, காய் முற்றவில்லை என்று அர்த்தம். உனக்கு ஒரே ஒரு எண்தான்: முதல் வெட்டு உன் வழியாக நடந்த வீடுகளில் எத்தனை வீடு இரண்டாவது வெட்டுக்கும் உன் வழியாகவே வந்தது. அதையும் எந்த மாதம் சேர்ந்த வீடு என்று பிரித்து வைத்துப் பார். மொத்தமாகக் கூட்டினால் புது வீடுகள் வந்துகொண்டே இருக்கிற வரைக்கும் எண் ஏறிக்கொண்டே இருக்கும், பழைய வீடுகள் கழன்று போவது கண்ணில் படாது.

பருவத்தையும் மறக்காதே. நமக்கு இரண்டு மழையும் உண்டு, மரம் நனைந்திருந்தால் யாரும் ஏறமாட்டார்கள். குளச்சல் பக்கம் மீன் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிற ஆப்பை ஒருவர் மே மாதம் தொடங்கினால் ஜூன் 1 அன்று மேற்குக் கடற்கரைத் தடைக்காலம் வரும், விசைப்படகு மீன் நின்றுபோய் ஆர்டர் சரியும். அதே ஆப்பைக் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் வருகிற சின்னமுட்டம் பக்கம் தொடங்கினால் தடை ஏப்ரல் 15க்கே வந்துவிடும், ஜூன் 14 வரை இருக்கும். ஒரே மாவட்டத்தில் இரண்டு காலண்டர். இது தெரியாமல் ஆர்டர் எண்ணிக்கையை மட்டும் பார்க்கிறவர், தான் செய்த மாற்றத்தால்தான் ஆர்டர் விழுந்தது என்று நினைத்துவிடுவார். உனக்கும் ஐப்பசி, கார்த்திகையில் அது நடக்கும்.

அதனால் என் யோசனை: எட்டு மாதக் கட்டுமானத்தை அப்படியே நிறுத்திவை. ஒரு தனி சிம், வாட்ஸ்அப் பிசினஸ், ஒரு கூகுள் ஷீட். இதை வைத்துத் திருவட்டாரிலிருந்து குலசேகரம் வரைக்குமான ஒரு துண்டை மட்டும் எடு. மூன்று நல்ல ஏற்றக்காரர்கள், நாற்பது வீடு. போனில் கேட்டு, நீயே ஆள் அனுப்பி, நீயே வேலை முடிந்ததா என்று கூப்பிட்டுக் கேள். வீட்டுக்காரருக்கு உள்ளே ஆப் ஓடுகிறதா, நீ ஓடுகிறாயா என்பது முக்கியமில்லை, சொன்ன நாளில் ஆள் வந்தாரா என்பதுதான் முக்கியம்.

---

ராணித்தோட்டம்

மேலே அண்ணன் சொன்னதோடு ஒத்துப்போகிறேன். பிளே ஸ்டோர் பக்கம் மட்டும் நான் சேர்க்கிறேன், ஆண்ட்ராய்டில் வேலை செய்கிறேன்.

ஒரு நட்சத்திரப் பயம் நியாயமான பயம், ஆனால் அதற்கு வழி ஸ்டோரிலேயே இருக்கிறது. இன்டர்னல் டெஸ்டிங் என்று ஒரு தடம் உண்டு, 100 பேர் வரைக்கும் மெயில் ஐடி கொடுத்துச் சேர்க்கலாம், புது பதிப்பு சீக்கிரமே அவர்கள் கைக்குப் போய்விடும். அந்தத் தடத்தில் இருப்பவர்கள் சொல்லும் கருத்து உங்கள் பொது மதிப்பீட்டைப் பாதிக்காது. உங்கள் நாற்பது வீடு, மூன்று ஏற்றக்காரர் எல்லோரும் அதற்குள்ளேயே அடங்கிவிடுவார்கள். ஊருக்குத் தெரியாமல் ஒரு வருடம்கூட அதில் ஓட்டலாம்.

ஒரு எச்சரிக்கை. 2023 நவம்பர் 13க்குப் பிறகு தனிநபர் பெயரில் டெவலப்பர் கணக்கு திறந்திருந்தால், பொதுவில் வெளியிடும் முன் குளோஸ்டு டெஸ்டிங்கில் (நீங்கள் சேர்க்கிறவர்கள் மட்டும் பயன்படுத்துகிற இன்னொரு சோதனைத் தடம்) குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் இருந்தாக வேண்டும். முதலில் 20 பேர் என்று வைத்திருந்தார்கள், பிறகு குறைத்தார்கள். பலர் இதற்குக் காசு கொடுத்து ஆள் பிடிக்கிறார்கள், தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். உங்களுக்கு உண்மையான வீடுகளே இருக்கும்போது அந்த 14 நாளை உண்மையாகவே பயன்படுத்திக்கொள்ளலாம். கணக்குக்கு ஒரே தடவை 25 டாலர். ஐபோன் பக்கம் ஆண்டுக்கு 99 டாலர், இப்போதைக்கு அந்தப் பேச்சே வேண்டாம், உங்கள் ஏற்றக்காரர்கள் கையில் இருப்பது ஆண்ட்ராய்டுதான்.

பட்டியலில் முதலில் தூக்கவேண்டியது ஓடிபி. எட்டிப்பார்த்தால் சின்ன வேலை மாதிரி தெரியும், இறங்கினால் எஸ்எம்எஸ் கட்டணம், இந்தியாவில் நிறுவனங்கள் எஸ்எம்எஸ் அனுப்பக் கட்டாயமான டிஎல்டி பதிவு, அதில் வாசக மாதிரிக்கு ஒப்புதல் என்று இழுத்துக்கொண்டே போகும். அத்தோடு கணக்கு தொடங்க விட்டால் அந்தக் கணக்கை அழிக்கும் வழியையும் ஆப்புக்குள்ளும் வெளியே ஒரு இணையப் பக்கத்திலும் தரவேண்டும் என்பது பிளே ஸ்டோர் விதி. நாற்பது வீட்டையும் நீங்களே பேர் சொல்லித் தெரிந்து வைத்திருக்கும்போது லாகின் எதற்கு? கூப்பிடுகிற பட்டனும் அப்படித்தான், டயலரைத் திறந்து நம்பரைப் போட்டுக்கொடுத்தால் போதும், அதற்கு எந்த அனுமதியும் கேட்க வேண்டாம். அழைப்புப் பதிவைப் படிக்க அனுமதி கேட்டால் ஸ்டோரில் மாட்டிக்கொள்வீர்கள்.

இணையதளம் போல வேகமாக மாற்ற முடியாதே என்று கேட்டீர்கள். உண்மைதான், நீங்கள் வெளியிட்டாலும் பலர் வாரக்கணக்கில் அப்டேட் செய்யமாட்டார்கள், போனில் இடமில்லை, டேட்டா இல்லை. அதனால் மாறக்கூடியதை எல்லாம் போனுக்குள் வைக்காமல் சர்வரில் வையுங்கள். திரையில் வருகிற வாசகம், எந்த ஊர், எந்தப் பட்டன் தெரியவேண்டும் என்பதை கூகுளின் ஃபயர்பேஸ் ரிமோட் கான்ஃபிக் என்ற சேவையில் போட்டுவிட்டால் புது பதிப்பு இல்லாமலே மாற்றலாம். வழக்கமான அமைப்பில் அது 12 மணி நேரத்துக்கு ஒருமுறைதான் புதிதாக எடுக்கும், சோதனை செய்யும்போது "மாறவே இல்லையே" என்று குழம்பாதீர்கள். ஆப் எங்கே நின்றுபோகிறது என்று சொல்கிற கிராஷ்லிடிக்ஸை முதல் நாளிலேயே போட்டுவிடுங்கள், வசதி குறைவாக இருக்கலாம், ஆப் மூடிக்கொள்ளக் கூடாது. பொதுவில் வந்த பிறகு அப்டேட்களைச் சதவீதக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக விடலாம், ஆனால் முதல் வெளியீட்டுக்கு அந்த வசதி கிடையாது.

ஏ/பி சோதனை, அதாவது இரண்டு குழுவுக்கு இரண்டு விதமாகக் காட்டி ஒப்பிடுவது, செய்யலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பத்து சதவீதம் பேர் அழுத்துகிற பட்டனைப் பன்னிரண்டு சதவீதம் ஆக்கியிருக்கிறோமா என்று நம்பகமாகச் சொல்ல ஒவ்வொரு குழுவுக்கும் கிட்டத்தட்ட 4,000 பேர் வேண்டும். நாற்பது வீட்டில் அது வெறும் சூதாட்டம். நாற்பது பேரிடமும் போய்ப் பேசுவதுதான் அந்த அளவில் கிடைக்கிற சிறந்த தரவு.

---

கருங்கல்_மஸ்கட்

நான் தொழில்நுட்பம் தெரிந்தவன் அல்ல, ஆனால் இந்த ஆப் வந்தால் முதல் ஆளாகப் பணம் கொடுக்கக்கூடியவன் என்பதால் எழுதுகிறேன்.

கருங்கல் பக்கம் எங்களுக்கு ஒரு விளை (தென்னந்தோப்பு) இருக்கிறது, அம்மா மட்டும் வீட்டில். நான் மஸ்கட்டில், அண்ணன் சென்னையில். அம்மாவுக்கு ஆள் கிடைக்காதது ஒரு பிரச்சினைதான், ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய பிரச்சினை எத்தனை காய் விழுந்தது என்றே தெரியாதது. போன வெட்டைவிடக் குறைந்திருக்கிறதா, எந்த மரம் காய்ப்பு நின்றுவிட்டது, வண்டு விழுந்திருக்கிறதா, வியாபாரி என்ன விலைக்கு எடுத்தார், கதம்பைக்கு (தேங்காய் மட்டைக்கு) காசு கொடுத்தாரா இல்லையா, ஒன்றும் தெரியாது. அம்மாவிடம் கேட்டால் "எல்லாம் சரியா இருக்கு மக்கா" என்பார், அதற்கு மேல் கேட்க மனசு வராது. அக்கம்பக்கத்தில் யாரையும் சந்தேகப்பட்டுப் பேசவும் எனக்கு விருப்பமில்லை.

மேலே அண்ணன் சொன்னார், இரண்டாவது வெட்டுக்கு வீட்டுக்காரர் நேராகக் கூப்பிட்டுக்கொள்வார் என்று. ஊரில் இருக்கிறவர் கூப்பிட்டுக்கொள்வார், சரி. நான் எப்படிக் கூப்பிடுவேன்? நம்பர் இருந்தாலும் வேலை நடந்ததா என்று பார்க்க நான் அங்கே இல்லையே. வெட்டு முடிந்ததும் மரவாரியாக எத்தனை காய், குவித்து வைத்த காயின் ஒரு போட்டோ, விற்ற விலை, கூலி போக மிச்சம், இவ்வளவும் எனக்கு ஒரே ஒரு வாட்ஸ்அப் செய்தியாக வந்தால் போதும், ஒவ்வொரு வெட்டுக்கும் தனியாகப் பணம் கொடுக்கத் தயார். மேப்பில் ஆள் வருவதைப் பார்ப்பதால் எனக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. என்னைப் போல வளைகுடாவில் இருக்கிறவர்கள் விளவங்கோடு, கல்குளம் இரண்டு பக்கமும் எத்தனையோ வீடு.

---

பனைவிளை

எல்லோரும் வீட்டுக்காரர் பக்கத்திலிருந்தே பேசுகிறீர்கள். என் அப்பா மரம் ஏறுகிறவர், அதனால் அந்தப் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும்.

சோதனை, சோதனை என்று சொல்கிறீர்களே, அந்தச் சோதனை யார் செலவில் நடக்கிறது என்று யோசித்தீர்களா? நீங்கள் ஒரு வீட்டுக்கு ஆள் அனுப்புகிறீர்கள், அவர் போய் நிற்கிறார், வீட்டுக்காரர் "இன்னைக்கு வேண்டாம், வெளியே போறோம்" என்கிறார். உங்கள் ஷீட்டில் அது ரத்தான ஒரு வரி. அவருக்கு அது காலை வேளை முழுக்கப் போன கூலி, வெயில் ஏறிய பிறகு வேறு விளையில் ஏற முடியாது. அதனால் முதல் நாளிலிருந்தே ஒரு விதி வையுங்கள்: ஏற்றக்காரர் வந்த பிறகு வீட்டுக்காரர் மறுத்தால் ஏற்றக்காரருக்கு ஒரு தொகை, அது உங்கள் கையிலிருந்து. இதைச் செய்ய முடியாது என்றால் தொடங்கவே வேண்டாம்.

நட்சத்திர மதிப்பீட்டையும் எடுத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஓலை பாத்திரம் கழுவுகிற கல்லில் விழுந்தது என்று ஒருவர் இரண்டு நட்சத்திரம் போட்டால், அதனால் வேலை குறைகிறவர் ஐம்பது வயதுக்காரர், அதை எங்கே போய் முறையிடுவது என்று அவருக்குத் தெரியாது. நீங்களே போன் போட்டு இரண்டு பக்கமும் கேட்பதுதான் நியாயம்.

ஏற்றக்காரர்களுக்கு என்ன வேண்டும் என்றால், ஒரே நாளில் ஒரே பக்கத்தில் வேலை. காலையில் அருமனை, அதன் பிறகு குலசேகரம், அப்புறம் திரும்ப ஆற்றூர் என்று ஓடினால் பெட்ரோலுக்கே போய்விடும். பக்கத்துப் பக்கத்து விளைகளை ஒரே நாளில் கோர்த்துக் கொடுத்தீர்கள் என்றால் அவரே உங்களை விட்டுப் போகமாட்டார், வீட்டுக்காரர் தனியாக நம்பர் கேட்டாலும் "அவங்கட்ட சொல்லுங்க, அவங்கதான் நாள் போடுவாங்க" என்று சொல்லிவிடுவார். அந்த ஒழுகலை நிறுத்துகிற வேலையை ஏற்றக்காரரே செய்துவிடுவார், அதற்கு அவருக்கு ஒரு காரணம் வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்று. தென்னை வளர்ச்சி வாரியம் 2011ல் தொடங்கிய "தென்னை மரங்களின் நண்பர்கள்" பயிற்சியில் கருவி வைத்து ஏறப் படித்த இளைஞர்கள், பெண்கள் உண்டு. வாரியத்தின் கேர சுரக்ஷா விபத்துக் காப்பீடும் இருக்கிறது. உங்களோடு சேர்கிற ஒவ்வொருவருக்கும் அந்தக் காப்பீடு இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுங்கள். ஆப்பில் ஒரு வரி கோடிங்கூட இதற்குத் தேவையில்லை. விழுந்தால் என்ன ஆகும் என்ற பயம் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது, அதைக் கேட்கிறவர்களிடம்தான் நம்பிக்கை வரும்.

---

விளைக்காரன்_திருவட்டார்

இவ்வளவு விரிவாக எழுதிய எல்லோருக்கும் நன்றி. மச்சானும் பக்கத்தில் உட்கார்ந்து முழுக்கப் படித்தான்.

பனைவிளை சொன்ன ரத்துத் தொகையை முதல் விதியாக வைத்துக்கொள்கிறோம், அதில் மறுபேச்சு இல்லை. நட்சத்திரம், ஓடிபி, மேப், ஆப்புக்குள் பணம், எல்லாம் பட்டியலிலிருந்து போகிறது. கருங்கல்_மஸ்கட் அண்ணன் சொன்னதுதான் எங்களை ரொம்ப யோசிக்க வைத்தது. ஊரில் இருக்கிற வீட்டுக்காரரை மனதில் வைத்துத்தான் ஒவ்வொரு திரையும் வரைந்திருந்தோம், வெளியூரில் இருக்கிற உரிமையாளர் எங்கள் கணக்கிலேயே இல்லை.

இப்போது இரண்டு சந்தேகம். ஒன்று, இரண்டாவது வெட்டு வர 45 நாள் ஆகும் என்றால் ஒரு சுற்று முடிந்து ஏதாவது தெரியவே ஒன்றரை மாதம். ஆண்டுக்கு எட்டு வெட்டுதான். லீன் என்றால் வேகமாகக் கற்றுக்கொள்வது என்கிறார்கள், இதில் வேகம் எங்கே? இரண்டு, ஊரில் இருக்கிறவர், வெளியூரில் இருக்கிறவர் இருவரையும் சேர்த்தே எடுப்பதா, ஒருவரை விட்டுவிடுவதா?

---

டெக்னோபார்க்_பயணி

தென்னையை அவசரப்படுத்த முடியாது தம்பி, ஆனால் பதிலை முன்கூட்டியே வாங்கலாம். வேலை முடிந்து கூலி கொடுக்கிற அந்த நேரத்திலேயே அடுத்த வெட்டுக்கு நாள் குறித்துக்கொள், சின்னதாக ஒரு முன்பணம் யுபிஐயில் கேள். "நல்லா இருக்கு, கண்டிப்பா கூப்பிடுறேன்" என்பதை யாரும் யாருக்கும் சொல்லுவார்கள், நம்ம ஊரில் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்லும் பழக்கம் குறைவு. முன்பணம் கொடுக்கிறவர் மட்டும்தான் உண்மையான பதில் சொல்கிறார். அது முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். 45 நாள் கழித்து வருகிற எண் அதைச் சரிபார்க்கத்தான். அப்புறம் எல்லா வீட்டையும் ஒரே வாரத்தில் தொடங்காதே, வாரத்துக்குப் பத்து வீடாகச் சேர். முதல் பத்தில் கேட்ட கேள்வியை, பேசிய விலையை அடுத்த பத்தில் மாற்றிப் பார்க்கலாம், ஒரு வெட்டுக்குள் நாலு சுற்று கற்றுக்கொள்ளலாம்.

இரண்டாவது கேள்விக்கு, நாற்பதில் பாதி ஊரில் இருக்கிறவர், பாதி வெளியூர்க்காரர் என்று எடு. இரண்டையும் தனித்தனி ஷீட்டில் வை. தொடங்கும் முன்பே எழுதி வைத்துக்கொள்: எந்தப் பக்கத்தில் பாதிக்கும் குறைவானவர்கள் இரண்டாவது வெட்டுக்கு உன்னிடம் வருகிறார்களோ அந்தப் பக்கத்தை விட்டுவிடுவோம் என்று. முடிவு வந்த பிறகு அளவுகோலை வைத்தால் மனசு எப்போதும் சாதகமாகத்தான் வைக்கும். மச்சானும் அந்தத் தாளில் கையெழுத்துப் போடட்டும், ஏனென்றால் எழுதிய கோடிங்கை விடுவது அவனுக்குத்தான் கஷ்டம்.

என் ஊகம் வெளியூர்க்காரர் பக்கம்தான் நிற்கும். அப்படி நின்றால் உன் தொழில் ஆள் பிடித்துக்கொடுப்பதிலிருந்து விளையைப் பார்த்துக்கொள்வதாக மாறிவிடும். பிவட் என்று சொல்வார்களே, இதுதான். வாடிக்கையாளர் மாறுகிறார், ஏற்றக்காரரும் ஊரும் நீ சேர்த்து வைத்த நம்பிக்கையும் அப்படியே இருக்கிறது.

---

ராணித்தோட்டம்

அப்படி மாறினால் மச்சான் முதலில் எழுதவேண்டிய ஆப் உரிமையாளருக்கு அல்ல, அவருக்கு வாட்ஸ்அப் செய்தியே போதும் என்று அவரே சொல்லிவிட்டார். மரத்தடியில் நிற்கிற உங்கள் ஆள் கையில் இருக்கவேண்டிய ஆப்தான் முதலில். மர எண், காய் எண்ணிக்கை, ஒரு போட்டோ, மூன்று திரை. பேச்சிப்பாறை, ஆறுகாணி பக்கம் போனால் சிக்னல் இருக்காது, அதனால் எல்லாவற்றையும் முதலில் போனிலேயே சேமித்துவிட்டு சிக்னல் வந்ததும் அனுப்புகிற மாதிரி எழுதச் சொல்லுங்கள். போட்டோவை அனுப்பும் முன் அளவு குறைக்க வேண்டும். ஷீட்டில் கையால் எழுதிச் சமாளிக்க முடியாத நிலை வரும்போது இதைத் தொடங்கினால் போதும், அதற்கு முன் வேண்டாம்.

---

கருங்கல்_மஸ்கட்

எங்கள் விளையை அந்த வெளியூர்க்காரர் பட்டியலில் முதலில் போட்டுக்கொள்ளுங்கள். கருங்கல் உங்கள் திருவட்டார் எல்லைக்கு வெளியே என்று தெரியும், ஏற்றக்காரருக்கு வண்டிச் செலவு தனியாகத் தருகிறேன். அம்மாவிடம் வரும் முன் ஒரு போன் செய்துவிட்டு வாருங்கள், முன்பின் தெரியாதவர் வந்தால் கதவைத் திறக்கமாட்டார்.